உஷார்! 150 பிஎஸ்ஐ என்ற எண்ணை நம்பி ஏர் கம்ப்ரஸர் வாங்காதீர்கள்

ஃபோர் பை ஃபோர் வண்டியில் நிரந்தரமாக ஒரு ஏர் கம்ப்ரஸர் பொருத்தப் போகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள். கடையில் உங்களுக்குப் பெரிதாகக் காட்டப்படும் எண், உங்களுக்கு வேண்டிய எண் அல்ல. அதை மட்டும் பார்த்து வாங்கினால் மூன்று ஆபத்துகள் காத்திருக்கின்றன. நாலு டயருக்கும் காற்று அடித்து முடிப்பதற்குள் மெஷின் சூடேறி நின்றுவிடலாம். பானெட்டுக்குள் வயர் உருகித் தீப்பிடிக்கலாம். பாதிக் காற்றோடு நெடுஞ்சாலையில் ஏறி டயர் வெடிக்கலாம். மூன்றையும் தடுக்க முடியும். காட்டுக்குள் போனபிறகு தடுக்க முடியாது. வாங்கும்போதும் மாட்டும்போதும்தான் முடியும்.

தார், ஜிம்னி, கூர்க்கா என்று வண்டிகள் பெருகியிருக்கின்றன. கூடவே ஆக்சசரீஸ் கடைகளும் பெருகியிருக்கின்றன. விளக்கும் ஹார்னும் மாட்டும் அதே கையோடு கம்ப்ரஸரையும் மாட்டித் தருகிறார்கள். இது விளக்கு மாதிரிச் சின்னச் சுமை இல்லை. 25, 30 ஆம்பியர் முதல் 60 ஆம்பியருக்கு மேலும் மின்சாரம் இழுக்கிற, கை வைத்தால் தோல் உரிகிற அளவுக்குச் சூடேறுகிற, காற்றை அழுத்தி அடைக்கிற யந்திரம். அதற்குரிய மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

காற்றை இறக்கியவர் ஏற்றாமல் திரும்பக் கூடாது

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலானாலும் ஜெய்சல்மர் பக்கத்துச் சாம் மணல்மேடானாலும், முழுக் காற்றோடு இறங்கினால் டயர் மணலைத் தோண்டிக்கொண்டு புதையும். அதனால் 32 பிஎஸ்ஐ இருக்கும் டயரை 15, 18 பிஎஸ்ஐ வரை இறக்குகிறார்கள். டயர் தரையில் படும் பரப்பு நீளும், எடை பரவும், வண்டி மணலின் மேலே மிதந்து போகும். இது சரியான முறைதான்.

ஆபத்து திரும்பும்போது வருகிறது. மணல் முடிந்து தார் ரோடு வந்ததும் அதே 16 பிஎஸ்ஐயோடு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்கள் இருக்கிறார்கள். "பத்துக் கிலோமீட்டரில் பங்க் இருக்கு, அங்கே அடிச்சுக்கலாம்" என்பது சமாதானம். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து நிமிர்கிறது. அந்த உழைப்பு முழுவதும் சூடாக மாறுகிறது. சூடு ஏற ஏற, ரப்பரையும் உள்ளே இருக்கும் இழைகளையும் ஒட்டவைத்திருக்கும் பிணைப்பு தளர்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. திடீரென்று வெடிக்கும்.

இதன் விலை என்ன என்பதை உலகம் ஒருமுறை கண்ணால் பார்த்தது. 2000 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பங்கு ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடியவை. ஓடும்போதே டயரின் மேற்பகுதி கழன்று வண்டிகள் உருண்டன. 271 சாவுகளை அந்த டயர்களோடு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை தொடர்புபடுத்தியது. டயரின் உருவாக்கத்திலேயே குறை இருந்தது. கூடவே, ஃபோர்டு பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ காற்றழுத்தம் குறைவு, 30 இருந்திருக்க வேண்டும் என்ற வாதம் வெடித்தது. விபத்துகள் அதிகம் நடந்தது டெக்சாஸ், அரிசோனா, ஃபுளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில். அந்த ஆண்டு நவம்பரில் புதுச் சட்டம் வந்தது. இன்று டேஷ்போர்டில் டயர் காற்று குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு அமெரிக்காவில் கட்டாயமானது அந்தச் சட்டத்தால்தான்.

அங்கே விவாதம் நடந்தது 26க்கும் 30க்கும் இடையே. நாம் பேசுவது 16ஐப் பற்றி. அதுவும் நம் ஊர் மே மாதத் தார் ரோட்டில். காற்று அடிக்க வழி இல்லாத இடத்தில் காற்றை இறக்காதீர்கள். இறக்கினால், ரோட்டில் ஏறும் இடத்திலேயே நிறுத்தி, அடித்துவிட்டுத்தான் நகர வேண்டும். இதற்காகத்தான் வண்டியில் கம்ப்ரஸர். அது வேலை செய்யாமல் போனால், மெதுவாகப் போகிற பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்?

பெட்டியில் பெரிதாக இருப்பதும் உங்களுக்கு வேண்டியதும்

"சார், 150 பிஎஸ்ஐ! லாரி டயருக்கே காத்து அடிக்கும்!" விற்பனையாளர் முதலில் சொல்வது இதைத்தான். உங்கள் டயருக்கு வேண்டியது 32. மிஞ்சிப்போனால் 40. அப்புறம் 150 எதற்கு, 300 எதற்கு? அந்த எண், மெஷின் அதிகபட்சம் எவ்வளவு அழுத்தத்தை எட்டும் என்பதை மட்டும் சொல்கிறது. எவ்வளவு காற்றை, எத்தனை நிமிடத்தில் தரும் என்பதைச் சொல்வதில்லை. போர் மோட்டார் வாங்கப் போகும் விவசாயி எத்தனை அடி ஆழத்திலிருந்து ஏற்றும் என்று மட்டும் கேட்டுவிட்டு வரமாட்டார். மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்று கேட்டே தீருவார். நாம் இங்கே அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தவறுகிறோம்.

கேட்க வேண்டியது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று. சில கம்பெனிகள் இதைச் சிஎஃப்எம் என்று கன அடியில் சொல்லும். ஒரு கன அடி 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். இதிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ஹோஸை எதிலும் மாட்டாமல், எதிரழுத்தமே இல்லாமல் வெறுமனே ஓடும்போது வரும் காற்றைத்தான் பலரும் பெட்டியில் அச்சடிக்கிறார்கள். டயருக்குள் ஏற்கெனவே 20, 30 பிஎஸ்ஐ எதிர்த்து நிற்கும்போது வருவது அதைவிடக் குறைவு.

நல்ல கம்பெனி இரண்டையும் வெளியிடும். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி கம்பெனியின் ஒற்றை மோட்டார் கம்ப்ரஸர் வெறுமனே ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 62 லிட்டர் தருகிறது. 29 பிஎஸ்ஐ எதிரழுத்தத்தில் அது சுமார் 47 ஆகிறது. அவர்களுடைய இரட்டை மோட்டார் மெஷினில் 174 லிட்டர் சுமார் 130 ஆகிறது. பெயர்பெற்ற தயாரிப்பிலேயே கால் பங்கு குறைகிறது என்றால், எதிரழுத்தத்தில் எவ்வளவு என்றே சொல்லாத பெட்டியின் எண்ணை எப்படி நம்புவது?

இனி உங்கள் தேவையைக் கணக்குப் போடுவோம். 245/75 ஆர்16 டயருக்குள் சுமார் 65 லிட்டர் இடம் இருக்கிறது. 16 பிஎஸ்ஐயிலிருந்து 32க்கு ஏற்ற, ஏறக்குறைய 70 லிட்டர் காற்று வேண்டும். நாலு டயருக்கு 280 லிட்டர். நிமிடத்துக்கு 47 லிட்டர் தரும் மெஷின் ஆறு நிமிடம் ஓட வேண்டும். 130 தருவது இரண்டே கால் நிமிடத்தில் முடிக்கும். உண்மையில் 18 லிட்டர்தான் தரும் சின்ன மெஷின் கால் மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் ஓடியாக வேண்டும். ஹோஸைக் கழற்றி மாட்டும் நேரம் தனி. டயரை 33 அங்குலத்துக்கு மாற்றியிருந்தால் ஒவ்வொன்றும் 90 லிட்டரை நெருங்கும். நேரமும் அந்த அளவுக்குக் கூடும்.

இன்னொரு வலை. ஏர் லாக்கர் எனப்படும், காற்றால் டிஃபரன்ஷியலைப் பூட்டும் கருவிக்காகச் செய்த சின்னக் கம்ப்ரஸர்கள் உண்டு. லாக்கருக்கு அழுத்தம் அதிகம் வேண்டும், காற்று கொஞ்சம் போதும். டயருக்கு நேர்மாறு. லாக்கர் மெஷினை வாங்கி டயருக்கு அடிக்க நினைத்தால் மணலில் உட்கார்ந்து பொழுது சாயும்.

மெஷினைக் கொல்வது சூடு

காற்றை அழுத்தினால் சூடாகும், இது இயற்கை. அதனால்தான் ஒவ்வொரு கம்ப்ரஸருக்கும் டியூட்டி சைக்கிள் என்று ஓர் அளவு உண்டு. 33 சதவீதம் என்றால் பத்து நிமிடம் ஓடினால் இருபது நிமிடம் ஆற வேண்டும். 50 என்றால் ஓடிய நேரத்துக்குச் சமமாக ஓய்வு. 100 என்றால் தொடர்ந்து ஓடலாம்.

எந்த நிலையில் அளந்தார்கள் என்பதைப் பாருங்கள். பெயர்பெற்ற கம்பெனிகளே இதை 22 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அளந்ததாகக் குறிப்பிடுகின்றன. நம் ஊரில் சித்திரை வெயில் 40ஐத் தொடும். கல்லிலும் மணலிலும் லோ கியரில் ஊர்ந்துவிட்டு வந்த வண்டியின் பானெட்டுக்குள் இருக்கும் சூடு அதைவிடப் பல டிகிரி அதிகம். அங்கே உட்கார்ந்திருக்கும் மெஷின் ஓடத் தொடங்கும் முன்பே பாதிச் சூட்டில் இருக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் ஓய்வு நேரத்தை விட அதிகம் கொடுங்கள்.

சூடு எல்லை மீறினால் தானே நின்றுவிடும் தெர்மல் கட்-ஆஃப் இல்லாத மெஷினை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அது இல்லாவிட்டால் பிஸ்டன் வளையம் தேயும், மோட்டார் சுருள் கருகும், அப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். கம்ப்ரஸரிலிருந்து காற்று வெளியேறும் முதல் இரண்டு மூன்று அடிக்குச் சாதாரணப் பிளாஸ்டிக் ஹோஸ் மாட்டக் கூடாது. கொதிக்கும் காற்று அதை இளக்கும். இளகிய ஹோஸ் அழுத்தத்தில் பிய்த்துக்கொண்டு சாட்டையாக வீசும். எஃகு இழை பின்னிய, வெப்பம் தாங்கும் ஹோஸ்தான் அந்த இடத்துக்கு வேண்டும். அடித்து முடித்த கையோடு பித்தளை இணைப்பை வெறும் கையால் தொடாதீர்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடவே விடாதீர்கள்.

வயர்! வயர்! வயர்!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். மற்ற தவறுகள் பயணத்தைக் கெடுக்கும். இந்தத் தவறு வண்டியைக் கொளுத்தும்.

முதலில் லைட்டர் சாக்கெட். அதன் ஃப்யூஸ் பெரும்பாலான கார்களில் 10 முதல் 20 ஆம்பியருக்குள். 25, 30 ஆம்பியர் இழுக்கிற மெஷினை அதில் செருகினால் ஃப்யூஸ் போகும். போவதுதான் நல்லது. "அடிக்கடி போகுது, 30 போட்டுட்டேன்" என்று பெரிய ஃப்யூஸ் மாட்டுகிறவர் தன் வண்டிக்குத் தானே தீ வைக்கிறார். உள்ளே இருக்கும் வயர் அதே மெல்லிய வயர்தான். ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை. அதைப் பெரிதாக்கினால் அடுத்து உருகப்போவது வயர்.

இரண்டாவது, வயரின் தடிமன். டிக்கியில் கம்ப்ரஸரை வைத்து பேட்டரியிலிருந்து வயர் இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக ஐந்து மீட்டர், திரும்ப ஐந்து மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 30 ஆம்பியர் ஓடினால் இரண்டு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துபோகும். தொலைந்த மின்சாரம் 60 வாட்டுக்கு மேல் சூடாக, கார்ப்பெட்டுக்கு அடியில், உங்கள் குடும்பம் உட்கார்ந்திருக்கும் சீட்டுக்குக் கீழே வெளிப்படும். 10 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் இழப்பு அரை வோல்ட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். வித்தியாசம் சில நூறு ரூபாய். அதை மிச்சம் பிடிக்காதீர்கள்.

வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறைந்து எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கவும் கூடாது. இந்த மோட்டார்கள் சுமைக்கேற்ற ஆம்பியரை இழுத்துக்கொண்டே இருக்கும். வேகம் மட்டும் குறையும். காற்றடிக்கும் நேரம் நீளும், சூடும் சேர்ந்து கூடும்.

மூன்றாவது, சந்தையில் செம்பு என்று விற்கப்படும் வயரில் அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு கொடுத்ததும் கலந்திருக்கிறது. தடிமன் அதேதான், மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். நுனியைச் சீவிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். தூக்கிப் பார்த்தாலே எடை குறைவு தெரியும்.

நான்காவது, ஃப்யூஸ் இருக்கும் இடம். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருந்தாக வேண்டும். கம்ப்ரஸர் பக்கத்தில் ஃப்யூஸ் போட்டு, நடுவே நாலு மீட்டர் வயரைக் காவலின்றி விட்டால், அந்த வயர் எங்காவது தகரத்தில் உரசித் தோல் கிழிந்த நொடியில் பேட்டரியின் முழுச் சக்தியும் அங்கே பாயும். தகரத்தைத் தாண்டும் ஒவ்வொரு ஓட்டைக்கும் ரப்பர் புஷ் வேண்டும். வயர் முழுவதற்கும் ஸ்லீவ் வேண்டும். ஆஃப்-ரோடு வண்டி குலுங்கும் குலுக்கலில் உரசாத வயரே கிடையாது.

ஐந்தாவது, டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக முழு மின்சாரத்தையும் அனுப்பக் கூடாது. ஸ்விட்ச் ரிலேவை மட்டும் இயக்க வேண்டும். பளு ரிலே வழியே போக வேண்டும். அந்த ஸ்விட்சுக்கு வரும் மின்சாரம் சாவி போட்டால்தான் வர வேண்டும். ஏன் தெரியுமா? அழுத்தம் குறைந்தால் தானே ஓடத் தொடங்கும் பிரஷர் ஸ்விட்ச் பல மெஷின்களில் உண்டு. ஹோஸில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தால் போதும். நீங்கள் தூங்கும்போது மெஷின் தானே ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். காலையில் பேட்டரி செத்திருக்கும். அதைவிட மோசமானதும் நடக்கலாம், யாரும் இல்லாத ஷெட்டில்.

ஆறாவது, இப்போதைய பல வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. எர்த்தை நேராக அந்த முனையில் மாட்டினால் வண்டியின் கணினிக்குக் கணக்குத் தப்பும். சேஸியில் பெயின்ட் சுரண்டிய நல்ல எர்த் இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். கம்பெனி வயரிங்கை நடுவில் வெட்டி இணைப்பு எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

காற்றடிக்கும்போது எஞ்சின் ஓட வேண்டும், திறந்த வெளியில். ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் முழுத் திறனைத் தராது. இரட்டை மோட்டார் மெஷின் என்றால் ஏசியையும் கூரை விளக்கையும் அணைத்துவிட்டு, எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள்.

எங்கே பொருத்துகிறீர்கள்?

பானெட்டுக்குள் வைத்தால் பேட்டரி பக்கம், வயர் குறையும். ஆனால் சூடும் தண்ணீரும் உண்டு. எக்ஸாஸ்ட், டர்போ அருகே இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக அங்கே தொங்கவிடாதீர்கள். அந்த இடத்தைக் கம்பெனிக்காரன் காலியாக விட்டதற்குக் காரணம் இருக்கிறது.

தார் வண்டி 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கலாம் என்கிறது மஹிந்திரா. கூர்க்கா 700 என்கிறது ஃபோர்ஸ். வண்டி கடக்கும், சரி. உங்கள் கம்ப்ரஸர் எந்த உயரத்தில் இருக்கிறது? அது காற்றை இழுக்கும் ஃபில்டர் எங்கே இருக்கிறது? சூடான மெஷின் மீது குளிர்ந்த ஓடைத் தண்ணீர் பட்டால், ஆறும்போது உள்ளே ஏற்படும் இழுப்பில் தண்ணீரும் சேறும் உள்ளே போகும். ஃபில்டரைத் தனிக் குழாயால் உயரத்துக்கு, தூசியும் தண்ணீரும் எட்டாத இடத்துக்குக் கொண்டுபோக முடியும் மெஷினைத் தேர்ந்தெடுங்கள்.

சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ வைத்தால் தண்ணீர் பயம் குறையும். வயர் நீளும், காற்றோட்டம் குறையும். கார்ப்பெட், துணிப்பை, தார்ப்பாய் எதுவும் அதன் மேல் படக் கூடாது.

லடாக் போகிறவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். 19,024 அடி உயர உம்லிங் லாவில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. கம்ப்ரஸர் ஒவ்வொரு வீச்சிலும் பாதிக் காற்றைத்தான் அள்ளும். கீழே ஆறு நிமிடத்தில் முடிந்த வேலை அங்கே பன்னிரண்டு நிமிடத்தைத் தொடும். மெல்லிய காற்று மோட்டாரைச் சரியாக ஆற்றவும் ஆற்றாது. கூடவே, வெப்பம் மாறாமல் இருந்தால் சென்னையில் 32 காட்டிய டயர் அங்கே 39 காட்டும். வெளிக்காற்று குறைந்ததால் வரும் ஏற்றம் அது. குளிர் அதில் ஒரு பகுதியைக் குறைக்கும். "அதிகமா இருக்கே" என்று இறக்கிவிட்டுக் கீழே வந்தால், சமவெளியில் காற்று குறைந்த டயரோடு ஓடுவீர்கள். இறக்கியிருந்தால் கீழே வந்ததும் அடித்தே ஆக வேண்டும்.

சிலிண்டர், பிவிசி, பழைய ஏசி கம்ப்ரஸர்: கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேண்டாம்

"ஒரு டேங்க் வச்சுக்கோங்க, ஃபாஸ்ட்டா அடிக்கும்" என்பார்கள். கணக்குப் பாருங்கள். 4 லிட்டர் டேங்க்கில் 150 பிஎஸ்ஐ நிரப்பினாலும், அது 30க்கு இறங்கும்வரை தருவது 33 லிட்டர் காற்று. உங்கள் ஒரு டயருக்கு வேண்டியதில் பாதிகூட இல்லை. ரிம்மிலிருந்து விலகிய டயரை மறுபடி உட்காரவைக்கவும் காற்றில் இயங்கும் கருவிக்கும் டேங்க் உதவும். டயருக்குக் காற்றடிப்பது மட்டும்தான் வேலை என்றால் அதைச் சுமப்பது வீண்.

வைத்தே ஆக வேண்டும் என்றால், அழுத்தத்துக்கென்றே செய்து சோதித்த டேங்க் மட்டும். பாதுகாப்பு வால்வ் கட்டாயம். அடியில் தண்ணீர் வடிக்கும் குழாய் கட்டாயம். அழுத்திய காற்றிலிருந்து ஈரம் பிரிந்து அடியில் தேங்கும். கடற்கரை ஊர்களில் இன்னும் அதிகம். அது உள்ளிருந்தே தகரத்தை அரிக்கும், வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே.

ஒருமுறை மட்டும் பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போட வேண்டிய ஏசி காஸ் சிலிண்டரை வெல்டிங் செய்து ஏர் டேங்க் ஆக்குவது, தீயணைப்பு சிலிண்டரை மாற்றி மாட்டுவது, பிவிசி குழாயை அடைத்து அதில் காற்றைச் சேமிப்பது, இவை எல்லாம் வெடிகுண்டு. பிவிசி கிழியாது, சில்லுச் சில்லாக உடைந்து பறக்கும். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை பிவிசி குழாயில் அழுத்தக் காற்று கூடாது என்று 1988லேயே எச்சரித்திருக்கிறது.

பழைய ஏசி கம்ப்ரஸரை பெல்ட்டில் ஓட்டிக் காற்றடிக்கும் முறையும் உண்டு. காற்று நிறைய வரும், உண்மைதான். ஏசி காஸோடு சேர்ந்து சுற்றும் எண்ணெயை நம்பி இயங்கும் மாடல்களில், காஸ் இல்லாமல் வெறும் காற்றை ஓட்டினால் எண்ணெய் கிடைக்காமல் இறுகிவிடும். எஞ்சின் ஓடும்வரை அது தள்ளிக்கொண்டே இருக்கும். அழுத்தம் ஏறியதும் கிளட்சை விடுவிக்கும் ஸ்விட்சும் பாதுகாப்பு வால்வும் இல்லையென்றால் எது முதலில் பிய்க்கும் என்பது மட்டும்தான் கேள்வி. இதை முறையாகச் செய்யத் தெரிந்த கைகள் மிகச் சில. "செஞ்சுடலாம் சார்" என்கிற எல்லாக் கையிலும் கொடுக்காதீர்கள்.

டயர் பக்கத்திலும் ஒழுங்கு வேண்டும். ரிம்மில் உட்கார மறுக்கும் டயருக்கு 40 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றக் கூடாது; பல டயர்களின் பக்கச்சுவரிலேயே இந்த எச்சரிக்கை இருக்கும். உங்கள் கையில் இருப்பதோ 150 வரை தள்ளும் மெஷின். பெட்ரோலோ ஸ்ப்ரேயோ ஊற்றிப் பற்றவைத்து டயரை உட்காரவைக்கும் வீடியோக்களைப் பார்த்துக் கைவைக்காதீர்கள். காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓடிவிட்ட டயருக்கு அப்படியே காற்றடிக்காதீர்கள். பக்கச்சுவர் உள்ளே நைந்திருக்கலாம். நீளமான ஹோஸ், வால்வில் கவ்விக்கொள்ளும் நாசில் வாங்கி, டயருக்கு நேராக உட்காராமல் தள்ளி நின்று அடியுங்கள். மெஷின் ஓடும்போது அதன் மீட்டர் காட்டுவது ஹோஸுக்குள் இருக்கும் அழுத்தம். நிறுத்திவிட்டு, தனி மீட்டரில் பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் காகிதத்தையும் எடுங்கள்

வண்டியோடு கம்பெனியிலிருந்து வராத மின் கருவி எதைப் பொருத்தினாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இந்திய மோட்டார் டாரிஃபில் இதற்கென்றே ஐஎம்டி 24 என்ற சேர்ப்பு இருக்கிறது. கருவியின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் என்பது அதன் அடிப்படை. 40,000 ரூபாய் மெஷினுக்கு 1,600 ரூபாய். சொல்லாமல் விட்டு, நாளை வயரிங்கில் தீப்பிடித்தால், முதலில் கேட்கப்படும் கேள்வி இந்த வெளி வயரைப் பற்றியதாகத்தான் இருக்கும். வாங்கிய பில், மாட்டிய பில் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். வாரன்டி இருக்கும் வண்டியானால் டீலரிடம் எழுத்தில் கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

கவுன்டரில் கேட்க வேண்டியவை

• 30 பிஎஸ்ஐ எதிரழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்? வெறும் ஓட்டத்தில் அல்ல.
• டியூட்டி சைக்கிள் எவ்வளவு? எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில் அளந்தது?
• அதிகபட்சம் எத்தனை ஆம்பியர்? அதற்கு என்ன வயர், என்ன ஃப்யூஸ் தருகிறீர்கள்?
• தெர்மல் கட்-ஆஃப் இருக்கிறதா? பிரஷர் ஸ்விட்ச் எந்த அழுத்தத்தில் நிறுத்தும்?
• தண்ணீர், தூசிக்கு ஐபி தரம் என்ன? ஃபில்டரை உயரத்துக்கு நகர்த்த முடியுமா?
• பிஸ்டன் சீல், ஃபில்டர், பிரஷர் ஸ்விட்ச் தனித்தனியாகக் கிடைக்குமா? யார் சர்வீஸ் செய்வார்கள்?

இவற்றில் பாதிக்கு மேல் "அதெல்லாம் பயப்படாதீங்க சார்" என்ற பதில் வந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வருடத்துக்கு ஓரிரு முறைதான் மணலுக்கோ மலைக்கோ போகிறீர்களா? நிரந்தரமாகப் பொருத்துவது உங்களுக்குத் தேவையே இல்லை. பேட்டரி முனையில் நேராகக் கவ்வும் கிளிப் உள்ள, ஃப்யூஸ் வைத்த, நல்ல கையடக்க மெஷின் போதும். வண்டியில் ஓட்டை போட வேண்டாம். வயரிங்கைத் தொட வேண்டாம். வண்டியை மாற்றினால் மெஷினும் கூடவே வரும். மாதாமாதம் போகிறவர், ஏர் லாக்கர் வைத்திருப்பவர், பெரிய டயர் போட்டவர், கூட்டமாகப் போய் மற்றவர் வண்டிக்கும் அடிக்க வேண்டியவர், இவர்களுக்குத்தான் நிரந்தர மெஷின் பொருந்தும்.

ஏற்கெனவே மாட்டிவிட்டீர்களா?

அப்படியானால் அடுத்த பயணத்துக்கு முன் ஒரு சோதனை. வெயில் உச்சியில் இருக்கும் நண்பகலில், வீட்டு வாசலில், எஞ்சின் சூடாக இருக்கும்போதே செய்யுங்கள். ஒரு டயரை 15 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 30 வரை ஏற்றுங்கள். 15 பிஎஸ்ஐ ஏற்றுவதற்கு ஏறக்குறைய டயரின் கொள்ளளவுக்குச் சமமான காற்று வேண்டும். ஆகவே 65 லிட்டர் டயர் ஒன்றரை நிமிடத்தில் நிரம்பினால் உங்கள் மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 43 லிட்டர் தருகிறது. மூன்று நிமிடம் என்றால் 22 லிட்டர்கூட இல்லை. அதுதான் உங்கள் உண்மையான எண். பெட்டியில் இருப்பதை மறந்துவிடுங்கள்.

பிறகு நாலு டயரையும் இறக்கி வரிசையாக அடியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரை மெஷினின் முனையில் வையுங்கள். பேட்டரியில் காட்டுவதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் கணிசமாகக் குறைந்தால் வயர் மெலிது, மாற்றுங்கள். மெஷினை நிறுத்தியதும் வயர், ஃப்யூஸ் ஹோல்டர், ரிலே மூன்றையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடு சுள்ளென்று பட்டால் அதைச் சரிசெய்யும்வரை அந்த ஸ்விட்சைப் போடாதீர்கள். சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக் கசிவு பாருங்கள்.

மெஷின் நாலு டயரையும் நிற்காமல் முடித்து, வயரும் சூடாகாமல் இருந்தால் நிம்மதியாக மணலில் இறங்குங்கள். இல்லையென்றால், சரிசெய்யும்வரை டயரில் காற்றை இறக்க வேண்டிய இடத்துக்குப் போகவே போகாதீர்கள். மணலும் மலையும் எங்கும் போய்விடாது. நீங்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.